டியாகோனி, காரிடாஸ்ல வேலை: மதம், ஜெபம், சம்பளம் பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஜெர்மனிக்கு நர்சிங் அவுஸ்பில்டுங்குக்கோ (சம்பளத்தோட தர்ற தொழிற்பயிற்சி) நேரா வேலைக்கோ வர்ற நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு ஆஃபர் லெட்டர் வர்றது நிறைய சமயம் சர்ச் நடத்துற முதியோர் இல்லத்துல இருந்தோ ஆஸ்பத்திரில இருந்தோதான், லெட்டர் தலைப்புல சிலுவையப் பாத்ததும் கேள்வி ஆரம்பிச்சுடுது. நான் டியாகோனி பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல வேலை பாக்குறேன், முன்னாடி கத்தோலிக்க இல்லம் ஒண்ணுலயும் இருந்திருக்கேன். வாட்ஸ்அப்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை இங்க ஒரே இடத்துல போட்டுட்டேன். நான் நர்ஸ், வக்கீல் இல்ல, அதனால காண்ட்ராக்ட்ல கையெழுத்து போடுற விஷயத்துக்கு இது மட்டும் போதும்னு இருந்துடாதீங்க.

டியாகோனி, காரிடாஸ்னா என்னக்கா? சர்ச்சா, கம்பெனியா?

ரெண்டும் கலந்த மாதிரி. டியாகோனி புராட்டஸ்டண்ட் சபைகளோட சேவைப் பிரிவு, காரிடாஸ் கத்தோலிக்கத்தோடது. ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளி இல்லம், பால்வாடி, கடன்ல மாட்டுனவங்களுக்கு ஆலோசனைன்னு எல்லாத்துலயும் இருக்காங்க, ரெண்டுலயும் சேத்து 13 லட்சம் பேருக்கு மேல வேலை பாக்குறாங்க, நாட்டுலயே பெரிய முதலாளிகள்ல இவங்களும் உண்டு. 1848ல விட்டன்பெர்க்ல நடந்த சபைக் கூட்டத்துல வீகர்ன்னு ஒருத்தர் (ஹாம்பர்க்ல ஏழைப் பிள்ளைங்களுக்கு இல்லம் நடத்துனவர்) பேசுனதுல இருந்து டியாகோனி கணக்கு ஆரம்பிக்கும், காரிடாஸ் 1897ல லோரன்ஸ் வெர்த்மன்னுங்குற பாதிரியார் தொடங்குனது.

நம்ம ஆளுங்களுக்குத் தெரியாத ஒண்ணு, காசு எங்க இருந்து வருதுங்குறது. சர்ச் காணிக்கைல இல்லம் ஓடுதுன்னு நெனைக்கிறாங்க. இல்ல. முதியோர் இல்லத்துக்கு 1995ல வந்த பராமரிப்பு இன்சூரன்ஸ், அங்க இருக்குறவங்க கட்டுற பணம், முடியாதவங்களுக்கு அரசு உதவி, ஆஸ்பத்திரின்னா ஹெல்த் இன்சூரன்ஸ். சர்ச்சோட சொந்தக் காசு அதுல கொஞ்சம்தான். அதனாலதான் இங்கயே நிறைய பேர் கேக்குறாங்க, பொதுக் காசுல நடக்குற இடத்துல சர்ச் ஏன் தனிச் சட்டம் போடுதுன்னு. இந்தப் பக்கத்துல வர்ற பாதி விஷயம் அந்தக் கேள்வியச் சுத்திதான்.

நான் இந்து. என்னை எடுப்பாங்களா?

எடுப்பாங்க. முஸ்லிமையும் எடுப்பாங்க, சாமியே இல்லங்குறவங்களையும் எடுப்பாங்க. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்ட்டும் சேத்து எண்ணுனாலே இப்ப ஜெர்மன் மக்கள்தொகைல பாதிக்கும் கீழ போயிடுச்சு, கிழக்கு மாநிலங்கள்ல எந்தச் சபைலயும் இல்லாதவங்கதான் பெரும்பான்மை, அங்க டியாகோனி இல்லம் நடத்தணும்னா ஞானஸ்நானம் எடுத்தவங்க மட்டும்தான் வேணும்னு உக்காந்திருந்தா கதவ மூடிட்டுப் போக வேண்டியதுதான். நர்சிங்க்கு ஆள் கெடைக்காம அலையுறாங்க. விதியும் மாறிடுச்சு: 2024 ஜனவரில இருந்து நடப்புல இருக்குற புராட்டஸ்டண்ட் சபைகளோட விதிமுறைப்படி சபை உறுப்பினரா இருக்கணும்னு கேக்குறது அந்த வேலைக்கு அது தேவைன்னா மட்டும்தான், அதாவது பிரசங்கம், ஆன்மிக ஆலோசனை, சபைக் கல்வி மாதிரி. கத்தோலிக்க பக்கம் 2022 நவம்பர்ல பிஷப்புகள் புது அடிப்படை விதி போட்டாங்க, அதுல பலவகைப்பட்ட ஆளுங்க இருக்குறது நிறுவனத்துக்கு வளம்னே எழுதியிருக்கு.

அதுக்காக பயோடேட்டால “கிறிஸ்டியன்”னு பொய் எழுதாதீங்க. ஏஜென்ட் சொல்லுவான், எழுதும்மா, ஈசியா கெடைக்கும்னு. ஏன் எழுதக்கூடாதுன்னு டாக்ஸ் கேள்விக்கு வாங்க, புரியும்.

இன்டர்வியூல மதத்தப் பத்தி கேட்டா என்ன சொல்றது?

“எங்க நிறுவனத்தோட கிறிஸ்தவக் கொள்கை உங்களுக்கு சம்மதமா”ன்னு கேப்பாங்க, அநேகமா எல்லா இடத்துலயும். இதுக்கு வேதபாடம் ஒப்பிக்க வேண்டாம். அவங்க தெரிஞ்சுக்க நெனைக்கிறது ரெண்டுதான், சாகக் கெடக்குற ஒருத்தர் பாஸ்டரக் கூப்புடுங்கன்னு கேட்டா நீங்க முகம் சுளிக்காம கூப்புடுவீங்களா, எந்த ஆளா இருந்தாலும் மரியாதையா நடத்துவீங்களா. ஊர்ல பாட்டியையோ தாத்தாவையோ கடைசி வரைக்கும் பாத்த அனுபவம் இருந்தா அதச் சொல்லுங்க, ஏஜென்ட் மனப்பாடம் பண்ண வெச்சத விட அது எவ்வளவோ மேல்.

ஆனா மதத்த வெச்சு வேலை தராம இருக்குறது சட்டப்படி தப்பில்லையா?

இது பெரிய கதை. 1919 வைமார் அரசியல் சட்டத்துல 137ஆவது பிரிவு, மதச் சபைகள் தங்க காரியத்த தாங்களே நடத்திக்கலாம்னு சொல்லுது, 1949ல வந்த இப்போதைய சட்டம் அத அப்படியே உள்ள எடுத்துக்கிச்சு. 2006ல பாகுபாடு தடுப்புச் சட்டம் வந்தப்பவும் 9ஆவது பிரிவுல சர்ச்சுக்கு விலக்கு குடுத்தாங்க. அந்த விலக்கு எவ்வளவு தூரம் போகும்னுதான் சண்டை.

2012ல பெர்லின்ல டியாகோனியோட தலைமை அமைப்பு ஒரு வேலைக்கு விளம்பரம் குடுத்துச்சு. இனப்பாகுபாட்டுக்கு எதிரான ஐநா ஒப்பந்தம் பத்தி ரிப்போர்ட் எழுதுற வேலை, ஒன்றரை வருஷ காண்ட்ராக்ட். சபை உறுப்பினரா இருக்கணும்னு போட்டிருந்தாங்க. ஃபேரா எகன்பெர்கர்ங்குறவங்க எந்தச் சபைலயும் இல்ல, விண்ணப்பிச்சாங்க, இன்டர்வியூக்கே கூப்புடல, கேஸ் போட்டாங்க. பாகுபாட்டுக்கு எதிரா ரிப்போர்ட் எழுதுற வேலைக்கே பாகுபாடுன்னு கேஸ், என்னத்தச் சொல்ல. அது 2018 ஏப்ரல்ல ஐரோப்பிய கோர்ட் வரைக்கும் போய், சர்ச் சொன்னா போதும்னு விட முடியாது, அந்த வேலையோட தன்மைக்கு மதம் உண்மையிலேயே அவசியமான்னு நாட்டு கோர்ட் பாக்கணும்னு தீர்ப்பு வந்துச்சு. அதே வருஷம் அக்டோபர்ல ஜெர்மன் தொழிலாளர் உச்ச கோர்ட் அந்த அம்மாவுக்கு 3,915 யூரோ சொச்சம் நஷ்டஈடு குடுக்கச் சொல்லுச்சு. காசு கம்மிதான், ஆனா சர்ச்சுங்க விதிய மாத்த ஆரம்பிச்சதுக்கு இது ஒரு முக்கியமான காரணம். டியாகோனி விடல, அரசியல் சட்ட கோர்ட்டுக்குப் போச்சு, 2025 அக்டோபர்ல வெளியான தீர்ப்புல அந்த கோர்ட் நஷ்டஈடு உத்தரவ ரத்து பண்ணி, சர்ச்சோட சுயநிர்ணய உரிமைக்கு நீங்க போதுமான மதிப்பு குடுக்கலன்னு கேஸத் தொழிலாளர் உச்ச கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பிச்சு. வேலைக்கும் மதத்துக்கும் உள்ள தொடர்ப சர்ச் புரியிற மாதிரி விளக்கணுங்குறது மட்டும் இன்னும் நிக்குது. நர்ஸ் வேலைக்கு அப்படி விளக்குறது கஷ்டம், அதனால நீங்க இதுக்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

நான் டிவோர்ஸ் ஆனவ. கத்தோலிக்க ஆஸ்பத்திரில பிரச்சனை வருமா?

இப்ப வராது. முன்னாடி வந்துச்சு, நல்லாவே வந்துச்சு.

டுசல்டார்ஃப்ல ஒரு கத்தோலிக்க ஆஸ்பத்திரில தலைமை டாக்டர், டிவோர்ஸ் ஆகி 2008ல ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணார், 2009ல வேலைய விட்டுத் தூக்குனாங்க. அதே ஆஸ்பத்திரில அதே பதவில புராட்டஸ்டண்ட் டாக்டர் மறுகல்யாணம் பண்ணா ஒண்ணும் கிடையாது, கத்தோலிக்கன்னா வேலை போகும். அந்த ஓட்டையத்தான் ஐரோப்பிய கோர்ட் 2018 செப்டம்பர்ல பிடிச்சுது: வைத்தியம் பாக்குறதுக்கு கல்யாணம் பத்துன நம்பிக்கை அவசியம்னா எல்லாருக்குமே அவசியமா இருந்திருக்கணுமே. 2019ல டாக்டர் ஜெயிச்சார், பத்து வருஷம் கழிச்சு. 2012ல பான் பக்கத்துல கோனிக்ஸ்விண்டர்ல ஒரு பால்வாடித் தலைமை ஆசிரியை புருஷன விட்டு வேற ஒருத்தரோட வாழப் போனாங்கன்னு வேலைய எடுத்தாங்க, அங்க பெத்தவங்க எல்லாம் ஒண்ணு கூடி எங்க பிள்ளைங்களுக்கு இந்த டீச்சர்தான் வேணும்னு கிளம்பி, கடைசில நகராட்சியே சர்ச்சோட இருந்த ஒப்பந்தத்த முறிச்சுது. 2022 ஜனவரில 125 சர்ச் ஊழியர்கள் நாங்க கே, லெஸ்பியன், திருநர்னு பேர் முகத்தோட வெளிய வந்து டிவில பேசுனாங்க, அதுல பாதிரியார், மதபோதகர், நர்ஸ் எல்லாரும் இருந்தாங்க. அந்த வருஷக் கடைசில வந்த புது விதி, தனிப்பட்ட வாழ்க்கையோட மையப் பகுதி முதலாளி பாக்குற விஷயம் இல்லன்னு எழுதிடுச்சு. டிவோர்ஸ், மறுமணம், யாரோட வாழுறீங்க, எதுக்கும் இப்ப வேலை போகாது.

இதுல நான் கவனிச்சது என்னன்னா, முன்னாடி கிறிஸ்தவ அடையாளத்த ஒவ்வொரு ஊழியரோட படுக்கையறைலயும் ஞானஸ்நான சர்டிபிகேட்லயும் தேடுனாங்க, இப்ப விதி சொல்றபடி அந்தப் பொறுப்பு நிறுவனத்தோடது, மேல இருக்குறவங்களோடது. பேப்பர்ல நல்லா இருக்கு. மேல இருக்குறவங்க அத எடுத்துக்குறாங்களாங்குறது இல்லத்துக்கு இல்லம் மாறும்.

சர்ச் டாக்ஸ் என்ன கணக்கு? கட்டலன்னா வேலை போகுமா?

இதுதான் நம்ம கிறிஸ்தவப் பிள்ளைங்க மாட்டுற இடம், கவனமா படிங்க.

வந்தவுடனே ஊராட்சி ஆபீஸ்ல அட்ரஸ் பதிய போவீங்க, ஃபார்ம்ல மதம்னு ஒரு கட்டம் இருக்கும். ரோமன் கத்தோலிக்னு போட்டா கத்தோலிக்க சபை, சிஎஸ்ஐ, டிஇஎல்சி (தமிழ் லுத்தரன் சபை) ஆளுங்க இவாங்கெலிஷ்னு போட்டா அந்த ஊர் புராட்டஸ்டண்ட் சபைன்னு கணக்குல போகும், மாசா மாசம் சம்பளத்துல சர்ச் டாக்ஸ் பிடிப்பாங்க. பவேரியா, பாடன் வூர்ட்டம்பெர்க்ல 8 சதவீதம், மத்த இடத்துல 9. சம்பளத்துல 9 இல்ல, வருமான வரில 9. மாசம் 300 யூரோ வருமான வரி போனா சர்ச் டாக்ஸ் 27 யூரோ. அவுஸ்பில்டுங் காலத்துல பெருசா தெரியாது, முழுச் சம்பளம் வந்ததும் தெரியும்.

அப்ப சீனியர் ஒருத்தர் வந்து ஐடியா குடுப்பார், “ஆபீஸ்ல போயி வெலகிட்டேன்னு எழுதிக் குடுத்துடு, பிடித்தம் நிக்கும், ஞாயித்துக்கிழம தமிழ் ஆராதனைக்குப் போறத யார் தடுக்கப் போறா”ன்னு. காரிடாஸ்ல வேலை பாக்குற கத்தோலிக்கர் இதப் பண்ணுனா வேலைக்கே ஆபத்து. 2022 புது விதிலயும் இத மட்டும் விடல, கத்தோலிக்க சபைய விட்டு வெலகுறது பொதுவா வேலைல சேக்காம இருக்கவும் நீக்கவும் காரணம்னு இருக்கு. டியாகோனி பக்கம் கொஞ்சம் இளகியிருக்கு, ஆனா அங்கயும் வேலையப் பொறுத்து கேள்வி வரலாம்.

இப்ப கூத்தப் பாருங்க. பக்கத்து பெட்ல வேலை பாக்குற இந்துப் பொண்ணுக்கு ஒரு பிரச்சனையும் இல்ல, அவ எப்பவுமே உறுப்பினர் இல்ல. உறுப்பினரா இருந்து வெலகுனவளுக்குத்தான் நோட்டீஸ். இதே கேள்விதான் ஒரு கேஸா 2024ல ஐரோப்பிய கோர்ட்டுக்குப் போச்சு: கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை சொல்ற கத்தோலிக்க அமைப்பு, அங்க புராட்டஸ்டண்ட் ஆலோசகர்களும் வேலை பாக்குறாங்க, ஒரு அம்மா கத்தோலிக்கரா இல்லாதவரக் கட்டுனதால அவங்க மறைமாவட்டம் கூடுதலா பணம் வாங்குதுன்னு சபைய விட்டு வெலகுனாங்க, பிள்ளை பாத்துக்குற லீவு முடிஞ்சு வந்ததும் வேலைய எடுத்துட்டாங்க.

அதனால ஃபார்ம்ல எழுதுறதுக்கு முன்னாடியே யோசிங்க. பொய் சொல்லச் சொல்லல. உண்மைய எழுதி, என்ன பிடிப்பாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு எழுதுங்கன்னு சொல்றேன். பயோடேட்டால ஏஜென்ட் பேச்சக் கேட்டு கத்தோலிக்னு போட்டுட்டு ஆபீஸ்ல மதம் இல்லன்னு பதிஞ்சா, சம்பளச் சீட்டு போடுறப்பவே ரெண்டும் முட்டும்.

நான் பெந்தெகொஸ்தே. எனக்கு?

சுதந்திர சபைகளுக்கு இந்த டாக்ஸ் கிடையாது. சில விளம்பரத்துல ஏசிகேன்னு சபைகளோட கூட்டமைப்பு பேர் போட்டு அதுல உள்ள சபையான்னு கேப்பாங்க, நர்ஸ் வேலைக்கு இப்ப ரொம்ப அரிது.

டூட்டில ஜெபம் கட்டாயமா?

கட்டாயம் இல்ல. ஆனா சுத்தி ஜெபம் இருக்கும், அத எதிர்பாத்து வாங்க.

டியாகோனி இடங்கள்ல மீட்டிங் ஆரம்பிக்கிறப்ப அன்னைக்கான வேதவசனம் வாசிப்பாங்க, ஹெர்ன்ஹூட்ங்குற ஊர்ல வருஷா வருஷம் சீட்டுக் குலுக்கி எடுத்துப் புத்தகமா போடுறது, 1731ல இருந்து விடாம வருது. வாசிக்க ஒரு நிமிஷம், அப்புறம் யாருக்கு டயபர் ஸ்டாக் தீந்துச்சுன்னு பேச்சு மாறிடும். ஆரம்பத்துல எங்க டீம்ல அத வாசிக்கிறது இன்சார்ஜ், இப்ப சிரியாக்காரப் பையன் ஒருத்தன் தன் ஜெர்மன் உச்சரிப்பு சரியாகட்டும்னு அவனா வாங்கி வாசிக்கிறான், யாரும் ஒண்ணும் சொல்றதில்ல.

மனசுல நிக்கிறது சாவு வீடுதான். எங்க இல்லத்துல யாராவது இறந்தா ஜன்னலத் திறந்து விடுவோம், ஆத்மா வெளிய போகட்டும்னு இங்கயும் ஒரு பழக்கம் இருக்கு, உடம்பத் தொடைச்சு அவங்களுக்குப் பிடிச்ச டிரஸ்ஸப் போட்டு விட்டு, ரூம் கதவு வெளிய ஒரு மெழுகுவர்த்தி (பேட்டரிலதான், ஃபயர் அலாரம் அடிக்குமே) வெச்சுடுவோம். அப்புறம் அன்னைக்கு டூட்டில இருக்குறவங்க, கிச்சன்ல இருக்குறவங்க, கிளீனிங் அம்மா, பக்கத்து ரூம் பெரியவங்கள்ல வர முடிஞ்சவங்க எல்லாம் கட்டிலச் சுத்தி நிப்போம், பாஸ்டர் வந்தா அவர், இல்லன்னா எங்கள்ல ஒருத்தர் சின்னதா ஒரு வாசிப்பு, பரமண்டல ஜெபம், அவ்வளவுதான். பத்து நிமிஷம் இருக்கும். சொல்லத் தெரிஞ்சவங்க சொல்லுவாங்க, மத்தவங்க சும்மா நிப்பாங்க. டிமென்ஷியால பெத்த பிள்ளை பேரே மறந்துபோன ஒரு அம்மா அந்த ஜெபத்த முதல் வார்த்தைல இருந்து கடைசி வரைக்கும் ஒரு இடத்துல கூட தட்டாம சொல்றதப் பாத்திருக்கேன். அதனால நீங்க எந்த மதமா இருந்தாலும் அந்த ஜெபத்த ஜெர்மன்ல மனப்பாடம் பண்ணி வெச்சுக்கோங்க. அந்த அம்மா மாதிரி ஒருத்தர் பாதில தடுமாறுனா அடுத்த வார்த்தைய எடுத்துக் குடுக்கலாம், அதுவும் நம்ம வேலைல ஒரு பங்குதான். மனசு ஒப்பலன்னா சொல்ல வேண்டாம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

அந்தப் பத்து நிமிஷத்த ரோஸ்டர்ல ஒதுக்குறாங்களா இல்ல “சீக்கிரம் முடிங்க, பி விங்ல பெல் அடிக்குது”ன்னு வெரட்டுறாங்களா, வாசல்ல இருக்குற சிலுவைய விட எனக்கு அதுதான் கணக்கு.

பேஷண்ட்டுக்கு நானே ஜெபிக்கலாமா? சாட்சி சொல்லலாமா?

அவங்களாக் கேட்டா கையப் பிடிச்சு ஜெபிங்க, தாராளமா. கேக்காம ஆரம்பிக்காதீங்க. நம்ம ஊர்ல ஆஸ்பத்திரி வார்டுல போயி கைப்பிரதி குடுத்து ஜெபிச்ச பழக்கத்துல வர்ற பிள்ளைங்களுக்கு இது பெரிய அதிர்ச்சி, கிறிஸ்தவ நிறுவனந்தானே, ஊழியம் பண்ணா சந்தோஷப்படுவாங்கன்னு நெனைச்சு, படுத்த படுக்கையா கெடக்குற ஒரு பெரியவர்கிட்ட மனந்திரும்புங்கன்னு பேசி, அவர் பொண்ணு புகார் எழுதி, இன்சார்ஜ் ரூமுக்குக் கூப்புட்டு அழ வெச்ச கேஸ் எனக்குத் தெரியும். அவர் ஓடிப் போக முடியாத ஆளு, நீங்க யூனிஃபார்ம்ல இருக்கீங்க, அவர் குளிக்கிறதும் சாப்புடுறதும் உங்க கைல இருக்கு. அந்த இடத்துல மதம் பேசுறது நியாயம் இல்ல. ஆன்மிகப் பேச்சு வேணும்னா இல்லத்துக்குன்னு ஒரு ஆலோசகர் இருப்பார், அவரச் சொல்லி விடுங்க.

பொட்டு, திருநீறு, ஹிஜாப், கைல சாமி கயிறு?

பொட்டு, திருநீறுக்கு யாரும் ஒண்ணும் சொல்லி நான் பாக்கல, என்ன இதுன்னு ஆசையாக் கேப்பாங்க. கைல கட்டுற கயிறு, வளையல், மோதிரம், வாட்ச் எதுவும் கூடாது, கல்யாண மோதிரம் உட்பட. அது மதம் இல்ல, தொற்று தடுப்பு விதி, எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒண்ணுதான். அம்மா கோயில்ல கட்டி விட்ட கயிற அறுக்க மனசில்லாதவங்க கால்ல கட்டிக்கிறாங்க. தாலிச் செயின உள்ள விட்டு பின் பண்ணுங்க, டிமென்ஷியா இருக்குறவங்க புடிச்சு இழுத்துடுவாங்க, கழட்டி வெச்சுட்டு வந்தா இன்னும் நல்லது.

ஹிஜாப் இடத்துக்கு இடம் மாறும். 2014ல தொழிலாளர் உச்ச கோர்ட், புராட்டஸ்டண்ட் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தங்க கேஸ்ல, சர்ச் நிறுவனம் முக்காடு வேண்டாம்னு சொல்றதுக்குப் பொதுவா உரிமை உண்டுன்னு சொன்னுச்சு. இப்ப நிறைய இல்லங்கள்ல போட விடுறாங்க, யூனிஃபார்ம் கலர்லயே துணியும் தர்றாங்க. இன்டர்வியூலயே கேட்டு, பதில ஈமெயில்ல எழுதி வாங்கிக்கோங்க.

சம்பளம் கம்மியா? ஸ்ட்ரைக் பண்ணலாமா?

காரிடாஸோட ஊதிய விதி (ஏவிஆர்னு சொல்லுவாங்க) அரசு ஊழியர் ஒப்பந்தத்த ஒட்டியே போகும், மோசம் இல்ல. டியாகோனில பல ஏவிஆர் இருக்கு, பிராந்தியத்துக்கு ஒண்ணு, அதனால எந்த ஏவிஆர்னு காண்ட்ராக்ட்ல பாருங்க. டியாகோனி ஜெர்மனி ஏவிஆர்ல வருஷ போனஸ் ரெண்டா பிரிச்சு வரும், பாதி நவம்பர்ல, மீதி அடுத்த ஜூன்ல, அந்த ஜூன் பாதி நிறுவனம் நஷ்டம் காட்டுனா குறையலாம், வராமலும் போகலாம். ஜூன் மாசம் ஊருக்கு டிக்கெட் போடுறவங்க இதத் தெரிஞ்சு போடுங்க.

ஸ்ட்ரைக் பொதுவா இல்ல. சம்பளத்த நிர்வாகத் தரப்பும் ஊழியர் தரப்பும் சரிபாதி உக்காந்த கமிஷன் முடிவு பண்ணும், முட்டுனா நடுவர். 2012ல உச்ச தொழிலாளர் கோர்ட் ஒரு நிபந்தனை போட்டுச்சு: யூனியனுக்கு அந்தக் கமிஷன்ல இடம் குடுக்கணும், முடிவு நிர்வாகத்தையும் கட்டுப்படுத்தணும், அப்பதான் ஸ்ட்ரைக் வேண்டாம்னு சொல்லலாம். லோயர் சாக்சனி டியாகோனில வெர்டி யூனியனோட நேரா ஒப்பந்தமே போட்டிருக்காங்க, வானம் ஒண்ணும் இடிஞ்சு விழல.

மத்த கம்பெனில இருக்குற ஊழியர் கவுன்சிலுக்குப் பதிலா இங்க எம்ஏவின்னு ஒண்ணு இருக்கும், அதிகாரம் கொஞ்சம் கம்மி, ஆனா ஒண்ணுமில்லன்னு நெனைக்காதீங்க, ரோஸ்டர் பிரச்சனை, ப்ரொபேஷன்ல தூக்குறது எல்லாத்துக்கும் முதல்ல அவங்க கதவத் தட்டுங்க.

“கிறிஸ்தவ அன்பு”ன்னு சொல்லியே லீவு நாள்ல கூப்புடுறாங்க, முடியாதுன்னு சொல்லலாமா?

சொல்லலாம், சொல்லணும். ரோஸ்டர் போட்டாச்சுன்னா அதுதான் கணக்கு, ஆஃப் நாள்ல போன எடுக்கணும்னு சட்டம் இல்ல. ரெண்டு ஷிப்ட்டுக்கு நடுவுல 11 மணி நேரம் ஓய்வு, ஆஸ்பத்திரி, இல்லத்துல 10 ஆக்கலாம், வேற நாள்ல ஈடு கட்டணும்.

இந்த எதிர்பார்ப்பு எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டா கோபம் கொஞ்சம் குறையும். 1836ல கைசர்ஸ்வெர்த்ல ஃப்லீட்னர்னு ஒரு பாஸ்டரும் அவர் மனைவியும் கல்யாணமாகாத பெண்களச் சேத்து நர்சிங் பயிற்சி குடுத்தாங்க, டீக்கனஸ்னு பேரு, நம்ம சிஎஸ்ஐல இருக்குற அக்காமார் மாதிரி, ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் கூட 1851ல அங்க வந்து பயிற்சி எடுத்தாங்க. சம்பளம் இல்ல, கைச்செலவுக்குக் கொஞ்சம், சாப்பாடு, துணி, வயசானா அவங்க சேந்திருந்த டீக்கனஸ் இல்லமே (தாய்வீடுன்னு பேரு) பாத்துக்கும். ராத்திரி பகல் பாக்காம உழைச்சாங்க. அந்தத் தலைமுறை போயிடுச்சு, ஆனா அந்த அக்காமார் உழைச்ச கணக்கு மட்டும் நிர்வாகத்தோட மனசுல நிக்குது, அவங்கள ஆயுசு முழுக்கப் பாத்துக்கிட்ட கணக்கு மறந்துடுச்சு. ஊருக்கு மாசாமாசம் பணம் அனுப்புற, விசா வேலையோட ஒட்டியிருக்குற நம்ம பிள்ளைங்கதான் முடியாதுன்னு சொல்லத் தயங்குறவங்க, அதனால முதல் போன் நமக்குத்தான் வரும்.

பெரியவங்க நிறத்தச் சொல்லித் திட்டுனா?

வரும், மறைக்க விரும்பல. நான் முன்னாடி இருந்த இல்லத்துல ஒரு அம்மா, புத்தி தெளிவா இருந்தவங்கதான், இந்தக் கறுத்த கை என்மேல படக்கூடாதுன்னு டவல தூக்கி எறிஞ்சாங்க. இன்சார்ஜ், “வயசானவங்க, மனசுல வெச்சுக்காத, நீ அடுத்த ரூமப் பாரு”ன்னு ரூம மாத்திக் குடுத்தாங்க. வார்டு சுவத்துல, மனுஷன் கடவுளோட சாயல்னு ஃபிரேம் போட்டு மாட்டியிருந்துச்சு. இப்ப இருக்குற இடத்துல அதே மாதிரி ஒருத்தர் பேசுனப்ப, இல்லத்தோட மேனேஜரே வந்து கட்டில் பக்கம் நாற்காலி போட்டு உக்காந்து, இங்க டூட்டில யார் இருக்காங்களோ அவங்கதான் உங்களப் பாப்பாங்க, ஆள் தேர்ந்தெடுக்க முடியாது, என் ஊழியர இப்படிப் பேசக்கூடாதுன்னு அமைதியா சொன்னார், மகனுக்கும் லெட்டர் போச்சு. அந்தப் பெரியவர் திருந்திட்டார்னு சொல்ல மாட்டேன், வாய மூடிக்கிட்டார், எனக்கு அது போதும்.

மேல்மட்டத்துலயும் இப்ப கோடு இங்கதான் விழுது. 2024 பிப்ரவரில கத்தோலிக்க பிஷப்புகள், இனவெறி தேசியவாதமும் கிறிஸ்தவமும் ஒத்துப்போகாதுன்னு அறிக்கை விட்டாங்க, அதே வருஷம் டியாகோனி தலைவர் ரூடிகர் ஷூக், ஏஎஃப்டிங்குற தீவிர வலதுசாரிக் கட்சிக்காகப் பாடுபடுறவங்க டியாகோனில வேலை பாக்க முடியாதுன்னார். யாரோட வாழுறன்னு கேட்டத விட இது எவ்வளவோ உருப்படியான கேள்வி. உங்களுக்கு ஏதாவது நடந்தா தேதி, நேரம், யார் இருந்தான்னு அன்னைக்கே எழுதி வெச்சு எம்ஏவிக்கும் மேனேஜருக்கும் குடுங்க.

மதக் கட்டுப்பாடு தளர்ந்ததால சேவை கெட்டுப் போச்சுன்னு எங்க பாஸ்டர் சொல்றாரே?

ஊழியர் எல்லாரும் ஞானஸ்நானம் எடுத்து, ஞாயிறு தவறாம ஆராதனைக்குப் போன காலத்துல என்ன நடந்துச்சுன்னு அவர்கிட்ட கேளுங்க. 1940, 41ல நாஜி அரசு மனநலம் குன்றுனவங்களயும் மாற்றுத்திறனாளிகளயும் விஷவாயு வெச்சு கொன்னப்ப, நோயென்டெட்டெல்சாவ், ஸ்டெட்டன் மாதிரி சர்ச் இல்லங்கள்ல இருந்து பஸ் பஸ்ஸா ஆளுங்களக் கொண்டு போனாங்க, 70,000 பேருக்கு மேல செத்தாங்க (எல்லா இல்லத்தையும் சேத்து). எதுத்தவங்களும் உண்டு, பெர்லின் பக்கத்துல லோபெட்டால் இல்லத்த நடத்துன பவுல் கெர்ஹார்ட் பிரவுனே 1940 ஜூலைல அரசுக்கு விவரமா புகார் எழுதுனார், ஆகஸ்ட்ல கெஸ்டாபோ (நாஜி ரகசிய போலீஸ்) பிடிச்சுக்கிட்டுப் போச்சு. போருக்கு அப்புறம் சர்ச் நடத்துன பிள்ளைங்க இல்லங்கள்ல அடி, பூட்டி வைக்கிறது, கூலியில்லா வேலை. 2024 ஜனவரில புராட்டஸ்டண்ட் சபையும் டியாகோனியும் ஒத்துக்கிட்டு வெளிவந்த ஆய்வுல பாலியல் கொடுமைக்கு ஆளானவங்க குறைஞ்சது 2,225 பேர், குற்றம் சாட்டப்பட்டவங்க 1,259 பேர், இதுவே பனிப்பாறையோட நுனிதான்னாங்க ஆய்வு பண்ணவங்க. சர்டிபிகேட் சரியா இருந்துச்சு அப்ப, எல்லாருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு லீவு கெடைக்குமா? தீபாவளிக்கு?

பெரியவங்களுக்கு கிறிஸ்துமஸ் அன்னைக்கும் சாப்பாடு ஊட்டணுமே. அநேக இடத்துல கிறிஸ்துமஸ் இல்லன்னா நியூ இயர், ரெண்டுல ஒண்ணு ஆஃப். கிறிஸ்தவரா இல்லாதவங்க கிறிஸ்துமஸ் டூட்டிய எடுத்துக்கிட்டு பதிலுக்கு தீபாவளி, ரம்ஜானுக்கு வாங்கிக்கிறது நல்லா ஓடுது. லீவு லிஸ்ட் முந்தின வருஷக் கடைசிலயே போட்டுடுவாங்க, தீபாவளி வருஷா வருஷம் தேதி மாறும்னு அவங்களுக்குத் தெரியாது, காலண்டரப் பாத்து நீங்கதான் முன்னாடியே எழுதிக் குடுக்கணும்.

ஊர்ல இருந்து பாஸ்டர் லெட்டர், ஞானஸ்நான சர்டிபிகேட் கொண்டு வரணுமா?

விளம்பரத்துலயோ காண்ட்ராக்ட்லயோ கேட்டிருந்தா மட்டும். கேக்காத இடத்துல நீட்ட வேண்டாம். கத்தோலிக்கர் இங்க சர்ச்சுல கல்யாணம் பண்ற ஐடியா இருந்தா பங்குச் சாமியார்கிட்ட புதுசா ஒரு ஞானஸ்நான காப்பி வாங்கணும், ஆறு மாசத்துக்குள்ள எடுத்ததாக் கேப்பாங்க, அதனால இப்பவே வாங்கி வெச்சும் பிரயோஜனம் இல்ல.